கம்பளித் துண்டுகளில் விரிப்பு: சடை போடுவதா, கொக்கியால் இழுப்பதா, குத்திச் செருகுவதா?

பழைய கோட்டுகள், ஸ்கர்ட்டுகள், ஓரம் நைந்த போர்வைகள், தையலில் மிஞ்சிய துண்டுகள் என்று கம்பளித் துணி ஒரு மூட்டை அளவுக்குச் சேர்ந்துவிட்டால், அதைத் தரை விரிப்பாக மாற்ற நினைப்பவர் பெரும்பாலும் முதலில் செய்வது, முடிந்த விரிப்புகளின் படங்களைப் பார்த்து அவற்றுள் ஒன்றின் மேல் ஆசை வைப்பதுதான். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பூவும் கொடியுமாக இருந்த ஒரு கொக்கி விரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டு, என்னிடமிருந்த நல்ல ஓவர்கோட்டுத் துணியை மெல்லிய நாடாக்களாகக் கத்தரித்துப் பாழாக்கிய பிறகே, முறையை முடிவு செய்ய வேண்டியது மூட்டை என்பது விளங்கியது. துணியின் கனம், துண்டுகளின் நீளம், மொத்த எடை ஆகிய மூன்றையும் பார்த்துவிட்டால், பாதி முறைகள் தாமாகவே விலகிக்கொள்ளும்.

ஆகவே எந்த முறையையும் ஒப்பிடுவதற்கு முன் மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஓர் இழையை உருவித் தீயில் காட்டினால், கம்பளி தலைமுடி பொசுங்கும் நாற்றத்துடன் மெல்லக் கருகி, தீயை விலக்கியதும் தானே அணைந்து, விரலால் நசுக்கினால் பொடியாகும் கரியை விட்டுச் செல்லும். பாலியெஸ்டர் போன்ற செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக உறையும். கலப்புத் துணியில் இரண்டு குணமும் தெரியும். சிறிதளவு நைலான் கலந்த துணியைத் தள்ள வேண்டியதில்லை. பாதிக்கு மேல் செயற்கையாக இருப்பதை ஒதுக்கிவிடுவது நல்லது, ஏனெனில் அடுத்து வரும் சலவையில் அது கம்பளியைப் போல் இறுகாது.

இந்தச் சலவைதான் வேலையின் அடித்தளம். கம்பளி இழையின் மேற்பரப்பு நுண்ணிய செதில்களால் ஆனது. வெந்நீரும் சோப்பும் அலசலும் ஒன்று சேரும்போது இந்தச் செதில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ள, துணி சுருங்கித் தடித்து, வெட்டிய ஓரத்திலிருந்து நூல் பிரியாத நிலையை அடைகிறது. லைனிங்கையும் பொத்தான்களையும் தோள் பஞ்சையும் எடுத்து, தையல்களைப் பிரித்து, நிறம் விடும் துணிகளைத் தனியாக்கிச் சலவை இயந்திரத்தில் வெந்நீரில் ஓட்டி எடுத்தால் போதும். முறுக்கேறிய மெல்லிய நூலால் நெய்த சூட் துணி எத்தனை முறை அலசினாலும் சரியாக இறுகாது, வெட்டினால் ஓரம் பிசிறிக்கொண்டே இருக்கும். எதிர்ப்பக்கமாக, அளவு மீறி இறுகிப் பலகைபோல் ஆகிவிட்ட துணியும் உண்டு. அது சடைக்கு ஆகலாம், கொக்கிக்கு ஆகவே ஆகாது. மூட்டை எங்கிருந்து வந்தது என்று தெரியாவிட்டால், அந்துப்பூச்சியின் முட்டைகள் இருக்கக்கூடும் என்று கருதி, துணியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் இரண்டு வாரம் உறையவைப்பது பாதுகாப்பானது.

இப்படித் தயாரானவற்றைத் தடித்தவை, நடுத்தரமானவை, மெல்லியவை என்று மூன்று குவியலாக்கிக்கொண்டு, எந்தக் குவியல் பெரிது என்று பார்த்துவிட்டு மேலே படிக்கலாம்.

சடைப் பின்னல்

தடித்த குவியல் பெரிதாக இருப்பவருக்கு, குறிப்பாக முழுக் கோட்டுகளையோ போர்வைகளையோ வைத்திருப்பவருக்கு, என் முதல் பரிந்துரை சடைப் பின்னல். துணியை நீண்ட பட்டைகளாக வெட்டி, வெட்டிய ஓரங்கள் உள்ளே மறையுமாறு மடித்து, மூன்று பட்டைகளைத் தலைமுடி பின்னுவதுபோல் பின்னி, அந்தச் சடையை வட்டமாகவோ நீள்வட்டமாகவோ சுற்றிக்கொண்டே போய், அடுத்தடுத்த சுற்றுகளை உறுதியான நூலால் கோத்து இணைப்பதுதான் இதன் சாரம். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதி வீடுகளோடு நெருங்கிய தொடர்புடைய முறை இது. சட்டம் வேண்டாம், அடித்துணி வேண்டாம், தறி வேண்டாம். கத்தரிக்கோல், முனை மழுங்கிய தடித்த ஊசி, மெழுகிட்ட நூல், பட்டைகளை மூட்ட ஒரு தையல் இயந்திரம் ஆகியவை இருந்தால் வேலையைத் தொடங்கிவிடலாம்.

தடித்த துணியை ஒன்றரை அங்குலப் பட்டையாகவும் மெல்லிய துணியை இரண்டு முதல் இரண்டரை அங்குலமாகவும் வெட்டினால், மடித்த பிறகு எல்லாப் பட்டைகளும் ஏறத்தாழ ஒரே பருமனில் அமையும். இதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் ஒரே அகலத்தில் வெட்டினால் சடை ஓரிடத்தில் வீங்கியும் ஓரிடத்தில் மெலிந்தும் போய்விடும். பட்டைகளை மூட்டும்போது சாய்வாக வைத்துத் தைக்க வேண்டும், நேராகத் தைத்தால் அந்த இடத்தில் ஒரு முடிச்சுப்போல் புடைக்கும். இங்கேதான் துண்டின் நீளம் முக்கியமாகிறது. ஒரு முழத்துக்குக் குறைவான துண்டுகளை மூட்டிக்கொண்டே போனால், பின்னுவதை விட மூட்டுவதற்கே அதிக நேரம் செலவாகும், சடையும் புடைப்புகளாக நிறையும்.

நீள்வட்ட விரிப்புக்கு ஓர் எளிய கணக்கு உண்டு: வேண்டிய நீளத்திலிருந்து வேண்டிய அகலத்தைக் கழித்தால் வருவதுதான் நடுச்சடையின் நீளம். ஐந்தடிக்கு மூன்றடி விரிப்பு வேண்டுமென்றால் நடுவில் இரண்டடி நேர்ச்சடை. அதைச் சுற்றித்தான் மற்றவை எல்லாம். கோக்கும்போது நேரான பக்கங்களில் கண்ணுக்குக் கண் கோத்துக்கொண்டு, இரு முனை வளைவுகளில் மட்டும் வெளிச்சடையின் கண்களில் சிலவற்றை விட்டுவிட்டுக் கோக்க வேண்டும், ஏனெனில் வெளிச்சுற்று உட்சுற்றை விட நீளமானது. போதிய அளவு விடாவிட்டால் விரிப்பு கிண்ணம்போல் குழியும். அதிகமாக விட்டால் ஓரம் அலையலையாக எழும். என் முதல் வட்ட விரிப்பு குழிந்துபோய், தரையில் வைத்தால் பூனை படுத்துக்கொள்ள வசதியாக இருந்தது. பூனையைத் தவிர யாரும் அதைப் பாராட்டவில்லை. கோக்கும் வேலையை மடியில் வைத்துச் செய்யாமல் தட்டையான மேசையில் வைத்துச் செய்திருந்தால் இந்தப் பிழை மூன்றாம் சுற்றிலேயே தெரிந்திருக்கும்.

கோக்கும் நூல் சடைகளுக்கு இடையே மறைந்துவிடுவதால் விரிப்பின் இரு முகமும் ஒன்றுபோல் இருக்கும். திருப்பிப் போட்டுப் பயன்படுத்தலாம், எனவே ஆயுள் நீளும். நூல் அறுந்தால் அந்த இடத்தில் மறுபடி கோத்துக்கொள்ளலாம். ஆனால் துணி மடிப்பு மடிப்பாக உள்ளே போவதால் இம்முறை துணியை மிக அதிகமாக விழுங்கும். சதுர அடிக்கு முக்கால் பவுண்டு முதல் ஒரு பவுண்டு வரை, அதாவது சுமார் 350 முதல் 450 கிராம் வரை, துணி வேண்டும். இரண்டடிக்கு மூன்றடி என்ற சிறு விரிப்புக்கே இரண்டு கிலோவுக்குக் குறையாமல் தேவைப்படும். உருவங்கள் வரைய இதில் இடமில்லை. நிற வளையங்களே இதன் ஒரே அலங்காரம். அதைக் குறையாகக் கருதுபவர் அடுத்த முறைக்குச் செல்லலாம்.

கொக்கி விரிப்பு

கொக்கி விரிப்பில், சட்டத்தில் இழுத்துக் கட்டிய சற்று இடைவெளியுள்ள அடித்துணியின் கீழே ஒரு கை துணி நாடாவைப் பிடித்திருக்க, மேலே இருக்கும் கை கொக்கியைக் கண்ணிடையே நுழைத்து நாடாவை வளையம் வளையமாக மேலே இழுத்துக்கொண்டு வரும். முடிச்சு கிடையாது, ஒட்டும் பசை கிடையாது. வளையங்களும் அடித்துணியின் இழைகளும் ஒன்றையொன்று நெருக்கும் அழுத்தமே விரிப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. கோணி நெய்யும் சணல் துணி பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திலும் கனடாவின் கிழக்குக் கடற்கரையிலும் இக்கலை செழித்தது. மெய்னின் பிட்டெஃபோர்டு ஊரில் தகரப் பாத்திரங்கள் விற்றுத் திரிந்த எட்வர்ட் சாண்ட்ஸ் ஃப்ராஸ்ட், 1868 வாக்கில் தகட்டில் வெட்டிய அச்சுகளால் சணல் துணியில் கோலங்களைப் பதித்து விற்கத் தொடங்கினார். வரையத் தெரியாதவரும் பூக்கூடையும் சிங்கமும் கொண்ட விரிப்பு செய்ய முடிந்தது அதன் பிறகுதான்.

இம்முறைக்கு ஏற்றது நடுத்தரக் குவியல்: ஸ்கர்ட், கால்சட்டை, மெல்லிய போர்வை, ஃபிளானல் போன்றவை. நாடாவின் அகலத்தை ஓர் அங்குலத்தின் முப்பத்திரண்டில் எத்தனை பங்கு என்று எண்ணிட்டுச் சொல்வது இத்துறையில் வழக்கம். 3 ஆம் எண் என்றால் முப்பத்திரண்டில் மூன்று பங்கு, 8 ஆம் எண் என்றால் கால் அங்குலம். மெல்லிய நாடாவில் இதழின் நிழலையும் முகத்தின் சாயலையும் கூடக் கொண்டுவரலாம், ஆனால் நன்றாக இறுகாத துணி அந்த அகலத்தில் கையோடு பிய்ந்து வந்துவிடும், வேலையும் மாதக்கணக்கில் நீளும். புதிதாகத் தொடங்குபவர் 6 முதல் 8 வரையிலான அகலங்களில் நின்றுகொள்வது நல்லது. 8 ஆம் எண் நாடாவைக் கத்தரிக்கோலாலேயே வெட்டிவிடலாம், வெட்டும் இயந்திரம் வாங்க வேண்டியதில்லை. வளையத்தின் உயரம் நாடாவின் அகலத்துக்குச் சமமாக இருந்தால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும்.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு எல்லாக் கண்களையும் நிரப்புவது. ஒன்றிரண்டு கண்களை விட்டுவிட்டு இழுத்தால், மிதிபட மிதிபட வளையங்கள் தாமே பரவி இடைவெளியை மூடிக்கொள்ளும். நெருக்கித் திணித்தால் விரிப்பு சுருண்டு எழும், பின்பு எத்தனை ஈரத்துணி வைத்துத் தேய்த்தாலும் தரையில் படியாது. நாடாவின் தொடக்கமும் முடிவும் மேல்பக்கம் வந்து, வளையத்தின் உயரத்துக்கு வெட்டப்பட வேண்டும்.

தேவையான துணிக்கு, செய்ய வேண்டிய பரப்பைப்போல் நான்கு மடங்கு என்பது பழகியவர்கள் கைக்கொள்ளும் அளவு. வளையம் உயரமானால் ஐந்து மடங்கு. எடையில் பார்த்தால் சடைக்கு வேண்டியதில் ஏறத்தாழ பாதியில் முடிந்துவிடும். துண்டு நீளமாக இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை, ஒரு சாண் நாடாவும் பயன்படும். கட்டம், ட்வீட், மீன்முள் கோடு போன்ற கலப்பு நிறத் துணிகள் தனியே பார்க்க மங்கலாக இருந்தாலும், வளையங்களாக மாறியதும் வண்ணம் தீட்டியதுபோல் ஆழம் காட்டும். ஒரே சாம்பல் நிறக் கோட்டுக்குப் பதில் ஐந்து வகைச் சாம்பல் துண்டுகளைப் பின்னணிக்குக் கலந்து இழுத்தால் விரிப்பு உயிர்பெறும். இதற்காகவே பல நிறச் சில்லறைத் துண்டுகளை வைத்திருப்பவருக்கு நான் கொக்கியைச் சொல்வேன்.

அடித்துணியில் மட்டும் சிக்கனம் பார்க்கக் கூடாது. சாக்குச் சணல் மலிவுதான், ஆனால் ஆண்டுகள் போகப் போக அது உலர்ந்து நொறுங்கும். மேலே கம்பளி புதிதுபோல் இருக்க, கீழே அடித்துணி மக்கிப்போன பழைய விரிப்புகள் ஏராளம். லினன் அடித்துணி நீண்ட நாள் உழைக்கும், தடித்த பருத்தி மாங்க்ஸ் துணி அதற்கு அடுத்தபடி. பின்பக்கம் ரப்பர் பால் பூசினால் வளையங்கள் நகராது என்று சிலர் சொல்வதுண்டு. அந்தப் பூச்சு காலப்போக்கில் பொடிந்து உதிர்வதோடு, பழுது பார்க்கவும் விடாது. அதைப் பூசாமலிருப்பதே நல்லது.

இதன் பலவீனம் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. நாயின் நகமோ தூசி உறிஞ்சியின் சுழலும் தூரிகையோ ஒரு வளையத்தைப் பிடித்து இழுத்தால் வரிசை முழுவதும் வெளியே வந்துவிடும். கொக்கியால் மறுபடி இழுத்துச் சரிசெய்வது ஐந்து நிமிட வேலை என்பது உண்மைதான். ஆனாலும் நாய் வளர்க்கும் வீட்டின் வாசலுக்கு இது உகந்ததல்ல. உதறுவதோ கொடியில் போட்டு அடிப்பதோ அடித்துணியை முறித்துவிடும். சுருட்டி வைக்கும்போது வளையங்கள் வெளிப்பக்கம் இருக்குமாறு சுருட்ட வேண்டும், மடிக்கவே கூடாது.

குத்திச் செருகும் விரிப்பு

மூட்டை முழுவதும் சிறு துண்டுகளாக, கனமும் மெலிவும் கலந்து, வேறெதற்கும் உதவாததுபோல் இருந்தால், வட இங்கிலாந்தின் நார்தம்பர்லாந்து, டர்ஹாம் பகுதிகளில் சுரங்கத் தொழிலாளர் வீடுகளில் செய்யப்பட்ட குத்து விரிப்பு இருக்கிறது. அங்கே இதைப் பிராகி என்றும் கிளிப்பி என்றும் அழைப்பார்கள். இரண்டு மூன்று அங்குல நீளமும் முக்கால் அங்குல அகலமும் உள்ள துண்டுகளை, கூரான மரக் குச்சியாலோ ஆட்டுக் கொம்பாலோ சாக்குத் துணியில் துளையிட்டு, ஒரு முனையை ஒரு துளையிலும் மறு முனையைப் பக்கத்துத் துளையிலும் செருக வேண்டும். வேலை பின்பக்கமாக நடக்கும், சடை சடையாகத் தொங்கும் மயிர்ப்பரப்பு முன்பக்கம் உருவாகும். சட்டத்தைச் சுற்றி வீட்டார் பலர் உட்கார்ந்து ஒரே நேரத்தில் செருகலாம், குழந்தைகளும் கூட. பல வீடுகளில் புதிய விரிப்பு கிறிஸ்துமஸ் நாளில் கணப்பின் முன் இடம்பெற, பழையது சமையலறைக்கும், அதற்கும் பழையது பின்வாசலுக்கும் நகர்ந்துகொண்டிருந்தது.

கற்பதற்கு இதைவிட எளிய முறை இல்லை. நன்றாக இறுகாத துணியும், சற்றுப் பிசிறும் சூட் துணியும் இங்கே மன்னிக்கப்படும். ஆனால் துணி குறைவாகப் போதும் என்று எண்ணி இதில் இறங்கக் கூடாது. அரை அங்குலத்துக்கு ஒன்று என்று நெருக்கமாகச் செருகினால், இது சடைக்குக் குறையாமல் துணி கேட்கும். நுணுக்கமான உருவங்கள் அமையா. நடுவில் ஒரு வைரம், சுற்றிலும் கறுப்புக் கரை என்ற அளவில்தான் கோலங்கள் தெளிவாக நிற்கும். நீண்ட இழைகளுக்கிடையே தூசியும் மணலும் தங்குவதால், மண் மிதித்து வரும் இடத்தை விடக் கட்டிலடி, நாற்காலியடி போன்ற இடங்களே பொருத்தம்.

தறியில் நெய்வதைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பருத்தி நூல் பாவும் துணிப்பட்டை ஊடையுமாக நெய்யும் இவ்விரிப்பு சுவீடனிலும் பின்லாந்திலும் வீட்டுக்கு வீடு இருப்பது. தறி ஏற்றியானதும் மற்ற மூன்றை விடவும் வேகமாக வளரும், தட்டையாகக் கிடக்கும். ஆனால் இழுவிசையைத் தாங்கும் கனத்த தறியும், ஊடையை ஓங்கி அடித்து இறுக்கும் சட்டமும் வேண்டும்; மேசைத் தறியில் தளர்ந்த துணிதான் வரும். பின்லாந்தில் கோடையில் படித்துறைகளில் பைன் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவுவதைப் பார்த்துவிட்டுக் கம்பளி விரிப்புக்கும் அதைச் செய்யலாம் என்று நினைக்க வேண்டாம். தேய்க்கத் தேய்க்கக் கம்பளி மேலும் இறுகிச் சுருங்க, சுருங்காத பாவு நூல் புடைத்துக்கொண்டு நிற்கும். வீட்டில் தறி ஏற்கெனவே இருப்பவர் மட்டும் இதை எண்ணிப் பார்க்கலாம். நாணய அளவு வட்டங்களை அடுக்கித் தைக்கும் பென்னி விரிப்பு என்பது பெயரளவில்தான் விரிப்பு, மேசைக்கு உரியது. மிஞ்சிய கடைசித் துணுக்குகளுக்கு ஒரு நல்ல வழி, அவ்வளவே.

எந்த இடத்துக்கு எது

துணியின் தன்மை இரண்டு முறைகளுக்கும் இடம் கொடுக்கும் நிலையில், விரிப்பு கிடக்கப்போகும் இடம் முடிவு செய்யட்டும். நடமாட்டம் மிகுந்த கூடத்துக்கும் சாப்பாட்டு மேசையின் அடிக்கும் சடை. அதன் மேடுபள்ளத்தில் மெல்லிய கால் நாற்காலி சற்று ஆடும் என்பதை மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும். கணப்பின் முன் எந்தக் கம்பளி விரிப்பும் பருத்தியை விடப் பாதுகாப்பானது, ஏனெனில் கம்பளி 570 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் பற்றிக்கொள்ளும், தெறித்த பொறி கருகிய புள்ளியோடு நின்றுவிடும். கதவு திறக்கும் இடத்தில் குத்து விரிப்பு போட்டால் கதவு அதன் மேல் ஏறாது. கொக்கி விரிப்பை அதிகம் மிதிபடாத அறையிலோ சுவரிலோ வைப்பதே நான் செய்வது, அத்தனை மாத உழைப்பைச் செருப்படியில் போட மனம் வருவதில்லை. வழுவழுப்பான தரையாக இருந்தால் எல்லாவற்றுக்கும் அடியில் வழுக்காத வலைத் துணி ஒன்று தேவை.

ஈரமான குளியலறைக்கு இவற்றுள் எதுவும் வேண்டாம். கம்பளி தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை வாங்கிக்கொண்டும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. அதனால் காய்ந்துவிட்டது என்று நினைத்துக் கொண்டிருக்கும்போதே கீழே அடித்துணியோ கோத்த நூலோ மக்கிக்கொண்டிருக்கும்.

இரண்டு முறைகளுக்கிடையே இன்னும் தயக்கம் இருந்தால், முழுத் துணியையும் வெட்டும் முன் இரண்டிலும் ஓரடிச் சதுர மாதிரி ஒன்று செய்து எடை போட்டுப் பாருங்கள். அந்த எடையை விரிப்பின் சதுர அடிகளால் பெருக்கி, அதோடு பத்தில் ஒரு பங்கு சேர்த்து, மூட்டையின் எடையோடு ஒப்பிட்டால் துணி போதுமா என்பது தெரிந்துவிடும். எந்த மாதிரியைச் செய்யும்போது நேரம் போனது தெரியவில்லை என்பதும் அப்போதே தெரியும். ஒதுக்கிய மாதிரி, கோப்பை வைக்கும் தட்டின் அடியிலோ நாற்காலி இருக்கையிலோ பயன்படும்.